பொட்டு வைத்த கட்டங்கள்

செப்டம்பர் 9, செவ்வாய்

செஞ்சிக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். நானும் ஆர்ட் டைரக்டர் கோதண்டம் சாரும், அளவு எடுக்க. கல்யாண மகாலை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது. சதுர முற்றத்தின் நடுவே மாடிக்கு மேல் மாடி அடுக்கி, உச்சியில் கூம்புக் கூரை வைத்த ஒற்றைக் கோபுரம். ஒவ்வொரு மாடியிலும் நான்கு பக்கமும் வளைவுகள். எந்தப் பக்கம் போய் நின்றாலும் உள்ளேயிருந்து யாரோ நம்மைக் கவனிப்பது போல இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. சாருக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

எங்கள் படத்தின் நாயகன் முகமூடி போட்டவன், பெயர் 'சூறை'. அவனுடைய ரகசியத் தலைமையகத்துக்குப் 'பாசறை' என்று பெயர். அதை இந்த மகாலைப் பார்த்துச் செய்யப் போகிறோம். வண்டியில் திரும்பி வரும்போது சார் பாடம் நடத்தினார். அமெரிக்காவில் ஏதோ ஊரில் அரைவட்ட முகப்போடு ஒரு ரயில் நிலையம் இருக்கிறதாம். கார்ட்டூனில் சூப்பர் ஹீரோக்கள் கூடிப் பேசும் மண்டபத்தை அதைப் பார்த்துத்தான் வரைந்தார்களாம்.

"டிக்கெட் வாங்கற இடம்மா அது. அதை வச்சு வரைஞ்ச மண்டபத்துல உக்காந்துக்கிட்டு அவனுங்க உலகத்தைக் காப்பாத்தறானுங்க. நம்மாளு மட்டும் எதுக்குக் கண்ணாடிக் கட்டடத்துல குடியிருக்கணும்? செஞ்சியில இருக்கட்டும்."

"எல்லாம் சரி சார். அசல்ல வெளிய நீட்டின விளிம்பே இல்லையே. நடக்கற வழியெல்லாம் வளைவுக்கு உள்பக்கந்தானே?"

டைரக்டர் விளிம்பு கேட்கிறாராம். முகமூடி போட்டவன் என்றால் விளிம்பில்தான் நிற்பானாம். "அது கல்லு, நூத்துக்கணக்கான வருஷமா நிக்குது. நம்மது ரெண்டு மாசம் நின்னா போதும் தமயந்தி" என்றார் சார். அந்த இரண்டு மாசமும் நான் தூங்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். யூனிட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். மற்றவர்கள் கட்டிவிட்டுப் போன கயிற்றை இன்னொரு தரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். அதற்காகத்தான் இத்தனை வருஷமாக என்னை உதவியாளராக வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

திருப்போரூர் பக்கம் வாடகைக்கு எடுத்த பொட்டலில், இரவு பகலாக வேலை நடந்து, ஆறே நாளில் பாசறை எழுந்துவிட்டது. மூன்று மாடி மட்டும். மற்ற மாடிகள் கம்ப்யூட்டரில் முளைக்குமாம். உள்ளே இரும்புச் சட்டம், அதன் மேல் பிளைவுட், அதன் மேல் தெர்மாகோல், அதன் மேல் பிளாஸ்டர். பெயின்டர்கள் கல்லுக்குப் பாசி கூடப் பிடிக்க வைத்துவிட்டார்கள். ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கொத்திப் பார்த்து ஏமாந்து போனது.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. ரவை கிளறலாம் என்று பார்த்தால் அதுவும் முடியாது. பன் தின்றுவிட்டுப் படுக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மெயின் டூப் யார் என்று இன்று சொன்னார்கள். எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று எழுதியது பொய். டைரியிடமே பொய் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

டூப்பின் பெயர் சற்குணம். எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் ஒரே டூத்பேஸ்ட்டைப் பிதுக்கியவர்களுக்குத் தெரியாமல் என்ன. இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சு மட்டும் கிடையாது. அவர் சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். யூனிட்டில் இது கோதண்டம் சாருக்கும் மாசிக்கும் மட்டும் தெரியும்.

மாசி என்கிற மாசிலாமணி இரண்டாவது டூப். சற்குணத்தின் அதே உயரம், அதே தோள். வாய் மட்டும் அவருக்கும் சேர்த்து இவனுக்கே கொடுத்துவிட்டான் ஆண்டவன். எங்கள் இருவருக்கும் நடுவில் இன்று முழுக்க அவன்தான் தபால்காரன்.

"அக்கா, விளிம்பு எத்தினி அகலம்னு அண்ணன் கேக்கறாரு."

"ரெண்டடின்னு சொல்லு மாசி."

அண்ணன் காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தார். மாசி திரும்பி, "ரெண்டடியாம்ணே" என்றான். "கேட்டுச்சு" என்றார் அவர்.

மெலிந்திருக்கிறார். இடது முழங்காலை மடக்கி உட்காரும்போது முகம் சுளிக்கிறார். இதை நான் கவனித்தது செட் பாதுகாப்புக்காக. முழங்கால் சரியில்லாதவர் விளிம்பில் ஏறினால் பழி ஆர்ட் டிபார்ட்மென்ட் மேல் வரும்.

செப்டம்பர் 22, திங்கள்

பயப்பட ஒரு காரணம் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன், கிடைத்துவிட்டது.

படத்தின் பின்பாதியில் வில்லன் பாசறையைத் தகர்க்கிறான். அதற்காக மூன்றாம் மாடி விளிம்பில் இடையிடையே சில கட்டங்களை வெறும் தெர்மாகோலில் செய்து பிளாஸ்டர் பூசியிருக்கிறோம். சின்ன வெடிக்கே பிய்த்துக்கொண்டு போகும். ஆள் கால் வைத்தாலும் போகும். மற்றக் கட்டங்களுக்கு அடியில் இரும்பு. மேலேயிருந்து பார்த்தால் எது எது என்று தச்சர்களுக்கும் எனக்கும் சாருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தகர்ப்புக் காட்சி கடைசி நாளில்தானே, அதுவரை யாரும் மேலே போகப்போவதில்லை என்று இருந்தோம்.

இன்று டைரக்டர் மனசு மாறிவிட்டார். தகர்ப்புக்கு முன்னால், அதே விளிம்பில், சூறை கோபுரத்தைச் சுற்றி ஓடி வந்து முன்பக்கம் குதிக்க வேண்டுமாம். அக்டோபர் நாலாம் தேதி எடுக்கிறார்கள். மூன்றாம் தேதி ஒத்திகை.

"அந்தக் கட்டங்களை மாத்தி இரும்பு போட ஒரு வாரம் கொடுங்க சார்" என்றேன்.

"ஒரு வாரமா? அப்புறம் தகர்ப்புக்காக மறுபடி தெர்மாகோல் வேற போடணும். டூப்புகிட்ட எது ஸ்ட்ராங், எது வீக்னு சொல்லிடுங்க. தாண்டித் தாண்டி ஓடட்டும். பார்க்கவும் நல்லாருக்கும்."

ஸ்டன்ட் மாஸ்டரைப் பார்த்தேன். ரோப் கட்டினால் தூண்களில் சுற்றிக்கொள்ளும் என்றார் அவர். ஆகவே ரோப் இல்லை. மெத்தையும் அட்டைப்பெட்டிகளும் குதிக்கிற முன்பக்கத்தில் மட்டும். பக்கவாட்டில் லைட் வண்டிகள் நிற்கும்.

விளிம்பின் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். எந்த டூப்பாக இருந்தாலும் எனக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 24, புதன்

உறுதியான கட்டங்களுக்குச் சாக்பீஸில் குறி போடக் கேட்டேன். கேமராமேன் ஒப்புக்கொள்ளவில்லை. டேப் ஒட்டலாமா என்றேன். அதுவும் படத்தில் தெரியுமாம். பையைத் துழாவியபோது நேற்று கொலுவுக்குப் போன வீட்டில் கொடுத்த குங்குமப் பொட்டலம் கையில் பட்டது. கல்லில் ஒரு குங்குமப் பொட்டு இருந்தால் யாருக்கு உறுத்தும்? டைரக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பாசறைக்கு ஒரு தெய்வீகம் வருது மேடம்" என்றார்.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நானே ஏறினேன். இரும்பு வைத்த ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் நான் நின்றேன், ஒரு தரம் குதித்தேன், அப்புறம்தான் பொட்டு. கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அடியில் இரும்பு இருந்தும் இரண்டு மூன்று கட்டங்கள் லேசாக முனகின. அவற்றுக்கும் வைக்கவில்லை. இறங்கி வந்து மாசியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொட்டு இருக்கற கட்டத்துல மட்டும் கால் வைக்கணும். இல்லாததைத் தாண்டிடணும். உங்க அண்ணன்கிட்ட சொல்லு. எங்க, திருப்பிச் சொல்லு."

"பொட்டு இருந்தா கால் வை. பொட்டு இல்லேன்னா தாண்டு. இதுக்கு மேல எல்.கே.ஜி பாடம் கெடயாதுக்கா."

மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். தலையாட்டினார். போனைப் பார்த்துக்கொண்டே ஆட்டினார்.

செப்டம்பர் 27, சனி

நாள் முழுக்க பிளாஸ்டர் விரிசல்களை ஒட்டுப்போட்டோம். டெய்லரிடம் கொடுத்த ரவிக்கை கையில் இறுக்கிப் பிடிக்கிறது, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மதியம் மாசி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் மகள் இரண்டாம் வகுப்பு. அப்பாதான் சூறை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாளாம். டூப் என்று சொல்ல மனசு வரவில்லையாம் இவனுக்கு. "இந்தப் படத்துல ஒரு ஷாட்டாவது நான் பண்ணிட்டா அது பொய்யில்லக்கா. ஆனா பெருசெல்லாம் அண்ணனுக்குத்தான் போகுது."

பிறகு, ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஏங்க்கா, நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் பிரிஞ்சீங்க?" என்று கேட்டான்.

வேலையைப் பார் என்றேன். இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள். அவர் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் நான் வாசலில் நின்று அழுதேன். கண்ணாடியை உடைத்துக் குதிக்கும் நாள் என்றால் முந்தின நாளே எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு நாள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: "உன் பயம் என் உடம்புல ஏறுது தமயந்தி. நேத்து குதிக்கறதுக்கு முன்னாடி யோசிச்சேன். யோசிச்சா நான் செத்தேன்." அடுத்த வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் சண்டை போட்டிருப்பேன். உயிர் பிழைக்கப் போகிறவரை என்ன சொல்லி நிறுத்துவது?

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. தச்சர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், நாலாம் தேதி வருவார்கள். கோதண்டம் சார் கும்பகோணம் போகிறார். எனக்கும் இரண்டு நாள் லீவு. மதுராந்தகத்தில் அம்மா தனியாக இருக்கிறாள். மூன்றாம் தேதி ஒத்திகைக்கு முன்னால் வந்துவிடுவேன்.

கிளம்பும்போது வாசலில் அவரும் மாசியும் நின்றிருந்தார்கள்.

"மாசி, அவங்க அம்மாவுக்கு முட்டி வலி எப்படியிருக்குன்னு கேளு."

மாசி வாயைத் திறப்பதற்குள் நானே, "பரவாயில்லை, இப்ப நடக்கறாங்க" என்று சொல்லிவிட்டேன். நேராக அவரைப் பார்த்து. அவர் "ம்" என்றார். மாசி ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான், மூதேவி. பெயின்ட் உதட்டில் ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் டைரியில் எழுத வேண்டுமா என்ன. எழுதிவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

மதுராந்தகம். அம்மா எதையும் விடவில்லை. தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மனை, கேஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். கடைசியில் என் போனுக்கும் ஒரு பொட்டு. "வேலை செய்யற பொருள் எல்லாத்துக்கும் வைக்கணும்டி" என்றாள். சுண்டல் நன்றாக வந்திருந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. என்னவோ உறுத்துகிறது. கேஸை மூடினேனா, வீட்டைப் பூட்டினேனா என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாம் செய்திருக்கிறேன். ஆனாலும் உறுத்துகிறது.

அக்டோபர் 2, வியாழன்

பஸ்ஸில் எழுதுகிறேன். கை சும்மா இருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது.

காலை காபி குடித்துக்கொண்டே போனில் ஸ்டேட்டஸ்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எங்கள் லைட்மேன் ஒருவர் நேற்றைய செட் பூஜைப் படங்களைப் போட்டிருந்தார். ஷூட்டிங் நாட்களில் வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிடுவார்கள். பூஜை என்று நேற்று விட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டருக்குப் பொட்டு. லைட்டுகளுக்குப் பொட்டு. ஏணிக்குப் பொட்டு. கடைசிப் படம் மூன்றாம் மாடி. விளிம்பு முழுக்க, ஒரு கட்டம் விடாமல், வரிசையாகப் பொட்டு.

எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? நவராத்திரி நடுவில் குங்குமத்தால் குறி போட்ட மூளை என் மூளை.

அந்த லைட்மேனுக்குப் போன் போட்டேன். அவர் வீட்டில் இருந்தார். "ஆமா மேடம், நாங்கதான் வச்சோம். யாரோ ஏற்கெனவே வச்சிருந்தாங்க, நடுநடுவுல விட்டுப்போயிருந்துச்சு. அதான் நெரப்பிட்டோம்" என்றார். சந்தோஷமாகச் சொன்னார்.

நாளைக்குத்தானே ஒத்திகை, போய் அழித்துவிடலாம் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று புரொடக்ஷன் மேனேஜர் பரசுராமனைக் கூப்பிட்டேன். கிசுகிசுத்தார்.

"அம்மா, ஷாட் ரெடியாகுது. அப்புறம் பேசறேன்."

"என்ன ஷாட்? இன்னிக்கு லீவாச்சே?"

"விஜயதசமி, நல்ல நாள்னு டைரக்டர் அந்த விளிம்பு ஓட்டத்தை இன்னிக்கே எடுக்கறாரு. காந்தி ஜெயந்தி அன்னிக்கு அடிதடி எடுக்கறோம், நீங்க வேற."

"சார், அந்தப் பொட்டு" என்றேன். வைத்துவிட்டார். மறுபடி போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மாஸ்டரின் போன் அலமாரிக்குள் அடித்துக்கொண்டிருக்கும். சற்குணத்தின் எண்ணை எப்போதோ அழித்துவிட்டேன். விரல் தானாகப் போட்டது. அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. கும்பகோணத்தில் சார் எடுத்தார், அவரும் யார் யாருக்கோ முயற்சி செய்கிறார்.

செங்கல்பட்டு. திருப்போரூர் பஸ் ஆள் ஏற்றுகிறேன் என்று நிற்கிறது. இறங்கி ஆட்டோ பிடிக்கிறேன்.

அவருக்கு முழங்கால் சரியில்லை. பொட்டைப் பார்த்து நம்பிக் கால் வைப்பார். நான் சொல்லி அனுப்பியதுதானே.

அக்டோபர் 4, சனி

ஆஸ்பத்திரி வராந்தா. நேற்று எழுத முடியவில்லை.

ஆட்டோ உள்ளே போகும்போதே கூட்டம் தெரிந்தது. எல்லோரும் ஒரே இடத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள், பக்கவாட்டில், லைட் வண்டிக்குப் பக்கத்தில். மேலே விளிம்பில் ஒரு கட்டம் இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாகத் தெர்மாகோல் பிய்ந்து தொங்கியது.

செருப்பு எங்கே போனது என்று தெரியாது. "ஏங்க!" என்று கத்தினேன். அப்படித்தான் அவரைக் கூப்பிடுவேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க! ஏங்க!" என்று கத்திக்கொண்டே ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் விழுந்தேன். கறுப்பு உடை, கறுப்பு முகமூடி, கால் ஒன்று ஏதோ திசையில் கிடந்தது. முகமூடியில் கை வைத்தேன். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காதீங்க, கழுத்து அசையக் கூடாது, ஆம்புலன்ஸ் வருது." கையுறை போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒப்பாரியே வைத்தேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டு வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

பின்னாலிருந்து யாரோ, "தமயந்தி" என்றார்.

திரும்பினேன். சற்குணம் நின்றிருந்தார். லுங்கி, பனியன், காலில் ரப்பர் செருப்பு. முழுசாக நின்றிருந்தார்.

அந்த நொடியில் எனக்கு வந்தது நிம்மதி என்று எழுதினேன், அடித்துவிட்டேன். சந்தோஷம். உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அடுத்தவனின் கை இன்னும் என் மடியில்தான் இருந்தது.

அப்போது முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா... பொட்டு பாத்துதான்க்கா வச்சேன்."

ஆம்புலன்ஸ் வரும்வரை மாசி அதையே சொல்லிக்கொண்டிருந்தான். தப்பு செய்துவிட்டதாக நான் நினைத்துவிடக் கூடாதாம்.

அதே நாள், மாலை

முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வரலாம், வராமலும் போகலாம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

சற்குணம் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார், இரண்டு நாளாக. இன்றுதான் பேசினார்.

"நான் ஏறமாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"மேல போய்ப் பாத்தேன். வரிசையா எல்லாக் கட்டத்துலயும் இருந்துச்சு. நீ அப்படி வைக்க மாட்டே. பத்து இருந்தா நாலுக்கு வைப்பே. உனக்கு எது மேலயும் அவ்வளவு நம்பிக்கை வராது."

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"மாஸ்டர்கிட்ட சொன்னேன், இது அவ வச்ச பொட்டில்ல, அவ வரட்டும்னு. 'லீவுக்கு முன்னாடி எல்லாத்தையும் இரும்பாக்கிட்டாங்க போல. உனக்கு வயசாயிடுச்சு, பயம் வந்துடுச்சு, பேசாம ஒத்துக்கோ'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. மாசி உடனே டிரஸ்ஸ மாட்டிட்டான். வேணாம்டான்னு கையப் புடிச்சேன். 'அண்ணே, எங்கிட்டதான் அக்கா நேர்ல சொன்னாங்க, பொட்டு இருந்தா கால் வைன்னு. என் பொண்ணுக்கு ஒரு ஷாட்டு வேணும்ணே'ன்னுட்டு ஏறிட்டான். உதறிட்டு ஏறிட்டான்."

மாசி உதறிய அந்தக் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டேன். என்னுடைய பயம் இவரைக் காப்பாற்றியது என்று எழுதலாம். நான் சொல்லி அனுப்பிய வார்த்தை மாசியைத் தள்ளிவிட்டது என்றும் எழுத வேண்டும். ஒன்றை எழுதி மற்றதை விட முடியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. தோசை ஊற்றினேன், இரண்டு பேருமே பாதியில் எழுந்துவிட்டோம்.

போலீஸில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தோம். பாசறையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்களாம். செஞ்சியில் அசல் அது பாட்டுக்கு நிற்கும்.

மத்தியானம் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாசியின் மனைவி கலையரசி வார்டு வாசலில் இருந்தாள். முதல் இரண்டு நாளும் மயக்கமாகவே கிடந்தாளாம், இன்றுதான் அவளை நேரில் பார்க்கிறேன். ஒல்லியான பெண். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். பொட்டு யார் யோசனை, யாரிடம் என்ன சொன்னேன், எல்லாவற்றையும். பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் யார் என்று நர்ஸ் சொன்னதும் அவள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானாக்கா அது? யூனிட்டுல எல்லாரும் சொன்னாங்க. அத்தினி பேரும் சும்மா சுத்தி நின்னாங்களாம். நீங்க ஒருத்திதான் செருப்புகூட இல்லாம ஓடியாந்து அவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே. கூடப் பொறந்தவங்ககூட அப்படி அழ மாட்டாங்கன்னு சொன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்காகவாக்கா அப்படி அழுதீங்க?"

அவள் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.